ரயில் பாட்டுக்கு ஒரு பெரட்டு

செல்லசாமி நேரில் கண்ட முதல் கிதார்க்காரன், வேனிலிருந்து இறங்கியதும் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் குனிந்து நின்று வாந்தி எடுத்தான்.

அவன் பெயர் ட்ரெவர். 'ரெட் லாண்டர்ன்ஸ்' என்ற கொழும்புக் குழுவின் தலைவன். கினிகத்தேனை வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறிவந்தால் யாருக்கும் வயிற்றைப் புரட்டத்தான் செய்யும், இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று செல்லசாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஓடிப்போய்த் தேயிலை ஆலையான ஸ்டோரின் குழாயில் ஒரு செம்பு தண்ணீர் பிடித்துவந்து நீட்டினான். ட்ரெவர் வாயைக் கொப்பளித்து, செல்லசாமியின் காலடியிலேயே துப்பினான். செம்பைத் தரையில் போட்டுவிட்டுச் சீப்பை எடுத்துத் தலை வார ஆரம்பித்தான். தலையிலிருந்து பசை எண்ணெயின் வாசமும் வாயிலிருந்து புளித்த பீரின் நாற்றமும் கலந்து வந்தன. தண்ணீர் கொடுத்தது மனிதனா குழாயா என்று அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

களைப்பு, என்று நினைத்தான் செல்லசாமி. களைத்துப்போன மனிதனிடம் மரியாதையை எதிர்பார்ப்பது தன்னுடைய பிழை.

அறுபத்து நாலாம் வருடம் பெப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிக்கோயாவுக்கு மேலே இருந்த சாம்பமலைத் தோட்டத்துத் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போகப்போகிறார். அவருக்குப் பிரியாவிடை கொடுக்க அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் சேர்ந்து இந்தக் குழுவைக் கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தார்கள். தினமும் விடியற்காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில்தான் பலகை மேடை போட்டிருந்தது. ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர் பக்கம் வேலை பார்த்த செல்லசாமிதான் காலையிலிருந்து மின்சாரக் கம்பி இழுத்தவன். மேடைக்கு எந்த ஆணியில் எந்தக் கம்பி வருகிறது என்று ஒரு தாளில் வரைந்துகூட வைத்திருந்தான். சரியாகத்தான் வரைந்தோமா என்று மூன்று தடவை பார்த்தும்விட்டான்.

அவனுக்கு இந்தக் குழுவின் மேல் ஒரு வருடமாகப் பைத்தியம். டிக்கோயாக் கடைவீதியில் நல்லமுத்துவின் சலூனில் ரேடியோ உண்டு. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அங்கே போய், வெட்டிக்கொள்ள முடி இல்லாவிட்டாலும் பெஞ்சில் குந்திக்கொள்வான். ஒரு சனிக்கிழமை ஆங்கில நிகழ்ச்சியில் ரெட் லாண்டர்ன்ஸ் வாசித்த ஒரு பாட்டு வந்தது. பாட்டு என்றால் சொல் இல்லாத பாட்டு. வெறும் கிதார். ரயில் ஒன்று மூச்சிரைத்து மேடேறி, சுரங்கத்துக்குள் புகுந்து, அந்தப் பக்கம் வெளிச்சத்தில் வந்து இறங்குவது அப்படியே கேட்டது. அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் சொன்ன தலைப்பு அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ரயில் பாட்டு என்றே எழுதிக்கொண்டான். பரமலிங்கம் மாஸ்டரின் மாலை வகுப்பில் இரண்டு வருடமாக ஆங்கிலம் படித்தும் தலைப்பு பிடிபடவில்லையே என்று அவனுக்கு வெட்கம். ஆனால் கிதாருக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. அது நேராக அவனிடம் பேசியது.

அன்றிலிருந்து குறிப்பெழுத ஒரு கொப்பி போட்டான். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, ரயில் பாட்டு எத்தனை நிமிடம் ஒலித்தது, எந்த இடத்தில் இரைச்சல் விழுந்தது, எல்லாம் அதில் இருந்தன. இதுவரை பதினேழு தடவை. அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் ட்ரெவரின் கையெழுத்தை வாங்க வேண்டும், முடிந்தால் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். இது ஒன்றுதான் அன்று அவனுக்கு வேண்டியிருந்தது. அதற்காகவே ஹட்டனில் ஒரு நீலச் சட்டையும் எடுத்திருந்தான்.

சட்டையைப் பார்த்ததும் பழனியாண்டிக் கங்காணி மறித்துக்கொண்டார்.

"எங்கடா மாப்பிள்ள மாதிரி? போ, போய்ப் படங்கக் கட்டிக்கிட்டு வா."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க கங்காணி. பாட்டுக் கேக்கத்தானே வரச் சொன்னாங்க?"

"பாட்டுக் கேக்க ஒன்னய யாரு கூப்புட்டா? தொரைசாணி படம் புடிக்கிறாங்க. ஊருக்குக் கொண்டுபோயி அவங்க சொந்தக்காரங்களுக்குக் காட்டணுமாம். எல்லாரும் வேலக் கோலத்துல நிக்கணும்னு உத்தரவு. கொழுந்துக்காரிங்க கூடையோட. ஆம்பளைங்க கத்தியோட."

மழையிலும் முள்ளிலும் உடுப்பு கெடாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்குதான் படங்கு. செல்லசாமி தன் வீடிருந்த லயத்துக்குப் போய் நீலச் சட்டையின் மேலேயே ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். கொப்பி மட்டும் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சாக்கின் ஈரவாடை மூக்கில் ஏறியது. தன் சாக்கு நாற்றமே தனக்குக் குமட்டுகிறது என்பதை அவன் அன்றுதான் கண்டான். தினமும் கட்டுவதுதானே, இன்றைக்கு மட்டும் ஏன்?

பெரட்டுக்கு அழைக்கும் தப்பு மேளத்தை அடித்தார்கள். ஞாயிறு மத்தியானத்தில் அந்தச் சத்தம் கேட்டதே யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் கால்கள் பழக்கத்தில் நடந்தன. கொழுந்துக்காரிகள் முன்னால், செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்காரர் பின்னால், ஸ்டோர் ஆட்கள் ஓரத்தில். ஒவ்வொரு வரிசைக்கு முன்னாலும் ஒரு கங்காணி. மறுபக்கம் பிரம்பு நாற்காலிகளில் துரைமாரும் துரைசாணிமாரும் கண்ணாடிக் கிளாஸ்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ட்ரெவர் மேடையேறிக் கிதாரை மாட்டினான். முதலில் வந்தது பாட்டல்ல. ஒலிபெருக்கி ஊளையிட்டது. முன்வரிசையில் நின்ற ராக்காயி காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி இது, ரோலருக்குள்ள கல்லு மாட்டின மாதிரி!"

"சும்மா இருடி. தம்பி காதுல விழுந்தா வருத்தப்படும்," என்றாள் மீனம்மா. அவள் செல்லசாமியின் அக்கா.

முதல் பாட்டு தொடங்கியது. பாடியவன் வேறொருவன், இறுக்கமான கால்சட்டைக்காரன். ஒலிவாங்கியை வாய்க்குள் விழுங்குவதுபோல் வைத்துக்கொண்டு கத்தினான். எச்சில் தெறித்தது வெயிலில் நன்றாகத் தெரிந்தது. டிரம் அடித்தவன் சூயிங்கம் மென்றபடி அடித்தான். ட்ரெவர் இரண்டு இடத்தில் பிழையாக வாசித்தான், இரண்டு தடவையும் சிரித்தான். சலூன் ரேடியோவில் இவ்வளவு சுத்தமாகக் கேட்ட ஓசை நேரில் ஏன் இப்படி இருக்கிறது? நான் இழுத்த கம்பியில் ஏதாவது கோளாறோ? செல்லசாமி வரைந்த தாளை மனதுக்குள் மறுபடி விரித்துப் பார்த்தான். கம்பியில் கோளாறில்லை.

பாட்டு முடிந்தது. துரை எழுந்து, மெச்சும் தோரணையில் கைத்தடியை ஒருமுறை உயர்த்தினார்.

அவ்வளவுதான். முந்நூறு பேரும் திரும்பி நடந்தார்கள்.

பதினாலு வருடமாக விடியற்காலைதோறும் அந்தத் தடி உயர்ந்தால் பெரட்டு முடிந்தது, மலைக்குப் போ என்று அர்த்தம். கொழுந்துக்காரிகள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு மேட்டுப் பாதையில் ஏறினார்கள். கவ்வாத்துக்காரர் கத்தியைத் தோளில் போட்டார்கள். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. கங்காணிமார் "ஏய், நில்லு! கலையாத! இன்னும் முடியல!" என்று கத்திக்கொண்டு ஆட்டை மறிப்பதுபோல் ஓடினார்கள். நாற்காலிகளில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேடையில் ட்ரெவர் குழுவினரைப் பார்த்து, "நம் பாட்டைக் கேட்டுக் காடே காலியாகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அது செல்லசாமிக்கு விளங்கியது.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சம் ட்ரெவரால் வந்ததல்ல, தன் சனங்களால் வந்தது. பாட்டுக் கேட்கத் தெரியாத கூட்டம். தடியைத் தவிர வேறெதுவும் தெரியாத கூட்டம். அப்படி நினைத்ததும் அந்த நினைப்பே வாயில் கசந்தது. இவர்களைப் பாட்டுக் கேட்கவென்று யார் கூப்பிட்டார்கள்?

வரிசைகள் மறுபடி நின்றபோது கண்டாக்கையா துரைராசா அவனைத் தோளில் தட்டினார். வேலைகளை மேற்பார்க்கிற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர். அவர் முகமும் வியர்த்திருந்தது.

"இஞ்ச வாடாப்பா. நீ பரமலிங்கத்தாரிட்ட இங்கிலீசு படிக்கிறாயெல்லே?"

"ஆமாங்கையா. கொஞ்சந்தாங்க."

"அது காணும். துரைசாணி கேக்கிறா, கொழுந்துக்காரியள் கொஞ்சப் பேர் கூடையோட முன்னுக்கு வந்து இந்தப் பாட்டுக்கு ஆட வேணுமாம். அதைப் படம் பிடிக்கப் போறா. நான் சொன்னா உவளவை நிலத்தைப் பாத்துக்கொண்டு நிப்பாளவை. உன்ர கொக்கா வந்தா மற்றவளவையும் வருவாளவை. நீ கேள்."

செல்லசாமி படங்கின் முடிச்சை இழுத்து இறுக்கினான்.

"என்ன யோசனை? அந்தக் கிதார்ப் பெடியனில உனக்குப் பைத்தியமெண்டு ஸ்டோர் முழுக்கத் தெரியும். இந்த அலுவலை முடி. நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போய் அவனுக்கு முன்னால விடுறன். கையெழுத்தோ என்னவோ வாங்கிக்கொள்."

தோட்டத்தில் பெண்கள் ஆடாமல் இல்லை. காமன் கூத்தில், திருவிழாவில், கல்யாணத்தில் கும்மியடிப்பார்கள். ஆனால் அது தங்களுக்காக. இது வேறு. வேறு என்று செல்லசாமிக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் நடந்தான். ஒரு பாட்டு, மூன்று நிமிடம், நாளைக்கு எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டே போய் அக்காவின் முன் நின்றான்.

"அக்கா, தொரைசாணி ஒரு ஆட்டம் கேக்குறாங்க."

ராக்காயிதான் முந்திக்கொண்டாள். "கூடையோடயா, கூடைய எறக்கி வச்சிட்டா? கேட்டுட்டு வா தம்பி. ஆடுற ஆட்டத்துல கொழுந்து செதறிச்சின்னா கங்காணி எடையில கழிச்சிப்புடுவாரு."

பெண்கள் சிரித்தார்கள். மீனம்மா சிரிக்கவில்லை.

"யாருடா கேக்கச் சொன்னா?"

"கண்டாக்கையா. ஆனா... எனக்கும் ஒரு காரியம் இருக்குக்கா. ஆடுனா என்னய அந்தக் கிதார்க்காரர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறேன்னாரு."

"ஒங்க மச்சான் பின்னால நிக்கிறாருடா."

"மூணே நிமிசங்க்கா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். "வாங்கடி," என்றாள். ராக்காயியும் இன்னும் நாலு பேரும் பின்னால் வந்தார்கள்.

ட்ரெவர் தொடங்கியது ரயில் பாட்டை. பதினேழு தடவை கேட்ட அந்த முதல் இழுப்பு, ஐந்து கஜ தூரத்தில், உயிரோடு. ரயில் மூச்சிரைத்து ஏறியது. அந்த அரை நிமிடத்துக்கு எல்லாம் சரியாக இருந்தது.

பெண்கள் கும்மியில் வருகிற மாதிரிச் சுற்றி வந்தார்கள். கும்மித் தாளம் அந்தப் பாட்டில் இல்லை. கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள். துரைசாணி சின்ன சினிமாக் கமெராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அருகில் அருகில் வந்தாள். அப்போதுதான் ட்ரெவர் விளையாட்டுக் காட்ட ஆரம்பித்தான். மீனம்மா காலைத் தூக்கினால் தந்தியை மேலே இழுத்து 'கீச்' என்றான். காலை வைத்தால் 'டொம்' என்றான். ராக்காயியின் கூடை ஒரு பக்கம் சரிந்தபோது, மாடு கத்துவதுபோல ஒரு ஓசையைக் கிதாரில் எழுப்பினான். ரயில் பாட்டு இருந்த இடமே தெரியவில்லை. நாற்காலிகள் குலுங்கின. ஒரு கிழட்டுத் துரை சிரித்துச் சிரித்து இருமி, கைக்குட்டையில் துப்பினார். மீனம்மா ஆடுவதை நிறுத்தவில்லை. முகம் மட்டும் கல்லாகிக்கொண்டே வந்தது. பின்வரிசையில் அக்காவின் கணவர் பொன்னையா மச்சான் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

மாட்டு ஓசை எழுந்தபோது ட்ரெவர் செல்லசாமியின் பக்கம் திரும்பி, எப்படி என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினான். அன்று முழுவதும் அவன் செல்லசாமியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. செல்லசாமி சிரித்தான். சிரித்த பிறகுதான் சிரித்தது தெரிந்தது. உதட்டை மூடிக்கொண்டான். வாய்க்குள் ஏதோ அழுகியதை மென்றதுபோல் இருந்தது.

துரைராசா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இடைவேளையில் அவனை மேடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேசைக்குக் கூட்டிப்போனார். மேசையில் பீர்ப் போத்தல்கள், பட்டிஸ் தட்டு, நசுக்கிய சிகரெட் துண்டுகள். ட்ரெவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூன்று விரலில் பட்டிஸின் எண்ணெய் மின்னியது. இதே விரல்கள்தானா? செல்லசாமி மனப்பாடம் செய்துவைத்திருந்த ஆங்கில வாக்கியத்தை ஆரம்பித்தான். "ஐயா, நான் உங்கள் பாட்டைப் பதினேழு தடவை..." நடுவில் சொல் தொலைந்துபோனது. கொப்பியை எடுத்து நீட்டினான்.

ட்ரெவர் நட்பாகத்தான் சிரித்தான். கொப்பியை வாங்கி, பாதி தின்ற பட்டிஸை அதன் மேல் வைத்தான். கையைக் கொப்பியின் ஓரத்தில் துடைத்தான். பிறகு யாரோ ஏதோ சொல்ல, "ஓ, கையெழுத்தா?" என்று பட்டிஸை வாயில் போட்டுக்கொண்டு பேனாவைக் கேட்டான். அட்டையில் வட்டமாக எண்ணெய்க் கறை ஊறிக்கொண்டிருந்தது. மென்றுகொண்டே பக்கங்களைப் புரட்டினான். தேதிகள், நிமிடங்கள். தமிழ் எழுத்தைப் பார்த்து, "இது என்ன, கொழுந்துக் கணக்கா?" என்றான்.

பேனா வருவதற்குள் துரைசாணியின் குரல் கேட்டது. துரைராசா ஓடிப்போய்த் திரும்பி வந்தார்.

"சனியன். கமெராவில படச்சுருள் முடிஞ்சு போச்சாம். கடைசிப் பாதி விழேல்லை. புதுசு போட்டிட்டா. இன்னொருக்கா ஆட வேணும். போய்ச் சொல்லு, கெதியா."

பெண்கள் பத்து அடி தூரத்தில், கூடைகளோடு, உத்தரவுக்குக் காத்து நின்றார்கள். ட்ரெவர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டான். முனை முதல் பக்கத்துக்கு மேலே நின்றது.

முடியாது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சொல் போதும். செல்லசாமி வாயைத் திறந்தான்.

"அக்காவுக்குக் காய்ச்சலுங்கையா. காலையிலேருந்தே. அதனால..."

"எனக்கு ஒரு காய்ச்சலும் இல்ல," என்றாள் மீனம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கூடையைத் தலையிலிருந்து கழற்றித் தரையில் வைத்தாள்.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குங்கையா. ஆட மாட்டேன். அவ்வளவுதான்."

"நானுந்தாங்க," என்றாள் ராக்காயி. "மாடு கத்துனா பால் கறக்கலாம். ஆட்டமா போட முடியும்?"

துரைராசாவின் கழுத்து சிவந்தது. "விடியப் பெரட்டில பாப்பம் உங்களை," என்றார். ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், துரைசாணிக்குக் கேட்டுவிடும் என்று.

"அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" ட்ரெவர் செல்லசாமியிடம் கேட்டான்.

செல்லசாமி ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடுக்கினான். இந்தத் தடவை எதுவும் தொலையவில்லை. "அவர் ஆட மாட்டார். அவர் என் அக்கா. நீங்கள் கிதாரில் அவரை மாடு ஆக்கினீர்கள்."

ட்ரெவர் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு தோளைக் குலுக்கினான். "வேடிக்கைக்குத்தானே," என்று கையெழுத்துப் போடக் குனிந்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் செல்லசாமிக்கு எல்லாவற்றிலும் அருவருப்பாக இருந்தது. பேனா முனைக்குக் கீழிருந்து கொப்பியை இழுத்துக்கொண்டான். முதல் பக்கத்தில் ஒரு நீலக் கோடு மட்டும் கிழித்துக்கொண்டு போனது.

துரைசாணி கடைசியில் மேடையைப் படம் பிடித்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். நாலு மணிக்குப் பெரட்டைக் கலைத்தார்கள். லயத்துக்கு ஏறும் பாதையில் பொன்னையா மச்சான் தனியாக முன்னால் போய்விட்டார். ராக்காயி வழியெல்லாம் டிரம்காரனைப் போலச் சூயிங்கம் மென்று காட்டி மற்றவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டு போனாள். செல்லசாமி அக்காவுக்குப் பின்னால் நடந்தான்.

"அக்கா, நாளைக்கிக் கண்டாக்கையா ஏதாச்சும் செஞ்சா, எல்லாம் என்னாலன்னு நானே போயிச் சொல்லிர்றேன்."

"செஞ்சா பாத்துக்கலாம்."

"ஒன்னய ஆடச் சொன்னது தப்புத்தாங்க்கா."

"நீ கேட்ட, ஆடுனேன். அந்தாளு கேட்டிருந்தா கூடையக்கூட அசைச்சிருக்க மாட்டேன்."

கீழே மேடையில் யாரோ இன்னும் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க சிரிச்சது எனக்குப் பெருசில்லடா," என்றாள் மீனம்மா, திரும்பாமலே. "அவங்க எதுக்குத்தான் சிரிக்கல. மாடு மாதிரிக் கத்துனப்ப நீயும் சிரிச்ச. பாத்தேன்."

அது சிரிப்பில்லை, அவன் கண்ணைச் சிமிட்டினான், எனக்குத் தெரியாமல் உதடு போய்விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. செல்லசாமி ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றையும் வாய்க்கு எடுக்க முடியவில்லை.

"ஆமாக்கா," என்றான். "சிரிச்சேன்."